போர்வையும் கண்ணகியும்: பழனிமலைப் பண்பாட்டு மரபைப் பொதுநோக்கில் காண்பதன் சிக்கல்கள்

ஆய்வுச் சுருக்கம்

பழனிமலைத் தொடரின் கலை, பண்பாடு, மரபுச் செல்வங்கள் பற்றிய எழுத்துகள் அடிவாரப் பழனியைப் பக்தித் தலமாகவும் உச்சியிலுள்ள கோடைக்கானலைக் காலனியக் காலக் கோடை வாழிடமாகவும் பிரித்தே நோக்கி வந்துள்ளன. இடைப்பட்ட மலையூர்களுக்கும் பளியர் உள்ளிட்ட மலைமக்களுக்கும் இவ்விரு நோக்குகளிலும் உரிய இடம் இல்லை. சங்கப் பாடல்கள், அகழாய்வுகள், இனவரைவியல் நூல்கள், அண்மைக்கால நடவடிக்கைகள் ஆகியவற்றை ஒருசேர வைத்து இப்பிரிவினையை இக்கட்டுரை ஆராய்கிறது. வட்டாரம் முழுமைக்குமான பொதுநோக்கு ஒன்று உருவாகவேண்டுமெனில் அது எதிலிருந்து தொடங்கவேண்டும் என்பதையும் விவாதிக்கிறது.

திறவுச் சொற்கள்: பழனிமலை, கோடைக்கானல், பொதினி, பேகன், கல்திட்டை, பொருந்தல், பளியர், பண்பாட்டு மரபு

முன்னுரை

2024ஆம் ஆண்டில் பழனிமலை மூன்று முறை பொதுவெளியின் பேசுபொருளாயிற்று. பிப்ரவரியில் வெளியான 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' என்னும் மலையாளத் திரைப்படம் கோடைக்கானலின் குணா குகையை மீண்டும் பேசவைத்தது. மே 7ஆம் நாள் முதல், சென்னை உயர் நீதிமன்ற ஆணைப்படி, கோடைக்கானலுக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயமாயிற்று. ஆகஸ்டு 24, 25 ஆகிய நாள்களில் இந்து சமய அறநிலையத் துறை பழனியில் அனைத்துலக முத்தமிழ் முருகன் மாநாட்டை நடத்தியது. மலை ஒன்று, மாவட்டம் ஒன்று, ஆண்டும் ஒன்று. ஆயினும் திரைப்படத்தில் அம்மலை ஒரு குகை. ஆணையில் அது வாகனங்களைத் தாங்கும் கொள்ளளவு. மாநாட்டில் அது ஒரு படைவீடு. இவற்றுள் ஒன்றைப் பற்றிப் பேசியவர்களுக்கு மற்ற இரண்டையும் பற்றிப் பேசவேண்டிய தேவை நேரவில்லை.

இப்பிரிவினை 2024இல் தோன்றியதன்று. ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளாக இம்மலை பற்றி எழுதப்பட்டவற்றில் அது ஊறியிருக்கிறது. வட்டாரப் பண்பாட்டு மரபுக்குப் பொதுநோக்கு வேண்டும் என்று இன்று பல தரப்பினரும் கூறுகின்றனர். அக்கூற்றில் பிழையில்லை. ஆனால் தரவுகள் போதாமையால் அந்நோக்கு உருவாகவில்லை என்று எண்ணுவது பிழை. தரவுகள் ஏராளம். அவை எந்தெந்தப் பெட்டிகளில் இடப்பட்டன, இடும்போது எவை விடப்பட்டன என்பதே கேள்வி.

பேகனின் மலை: நினைவிற் கொண்டதும் விட்டதும்

பழனியின் பழம்பெயர் பொதினி என்பது அறிஞர் பலரும் ஏற்ற கருத்து. அகநானூற்றின் முதற்பாடலில் மாமூலனார் நெடுவேள் ஆவியின் பொதினியைக் குறிப்பிடுகிறார். அங்குள்ள காரோடன் என்னும் கைவினைஞன் அரக்குடன் சேர்த்துச் செய்த சாணைக்கல் அப்பாடலில் பிரியா நட்புக்கு உவமையாகிறது. இவ்வூரின் மரபைப் பேசுவோர் இப்பாடலில் 'ஆவி' என்னும் சொல்லைக் கண்டவுடன் திருஆவினன்குடிக்குச் சென்றுவிடுகின்றனர், காரோடனிடம் நிற்பதில்லை. பொதினி என்றதும் ஒரு புலவருக்குக் கைத்தொழிலாளி ஒருவன் நினைவுக்கு வந்தான் என்பது சிறிய செய்தியன்று.

ஆவியர் குடித்தலைவன் வையாவிக் கோப்பெரும்பேகனின் நிலை இன்னும் தெளிவான சான்று. மயிலுக்குப் போர்வை ஈந்த வள்ளல் என்று பள்ளிப் பாடநூல் முதல் சுற்றுலாக் கையேடு வரை அவன் அறியப்படுகிறான். சிறுபாணாற்றுப்படை அவனை எழுவருள் ஒருவனாக வைத்தது. ஆனால் புறநானூற்றில் 141 முதல் 147 வரை தொடர்ந்து அமைந்த ஏழு பாடல்களை எடுத்துக்கொண்டால், கொடையைப் பாடுவன முதலிரண்டே. எஞ்சிய ஐந்தும் அவனால் துறக்கப்பட்ட மனைவி கண்ணகிக்காகப் பாடப்பட்டவை. சிலப்பதிகாரக் கண்ணகியின் வேறான இக்கண்ணகிக்காகக் கபிலர், பரணர், அரிசில் கிழார், பெருங்குன்றூர் கிழார் ஆகிய நால்வர் வாதாடியுள்ளனர். பொருள் வேண்டாம், இன்றே தேரேறிச் சென்று அவள் துயர் களைவதே எமக்கு நீ தரும் பரிசில் என்னும் பொருள்பட அவர்கள் பேசுகின்றனர். வள்ளலின் வாயிலில் நின்றே வள்ளன்மையின் குறையைச் சுட்டிய குரல் அது. சங்க இலக்கியத்தில் இத்தகைய தொகுதி அரிது.

போர்வை நின்றது, கண்ணகி மறைந்தாள். மரபு தேர்ந்தெடுக்கப்படும் முறைக்கு இதனைவிடச் சுருக்கமான எடுத்துக்காட்டைக் காண்பது கடினம். சிலையாக வடிக்கத்தக்கதும் பெருமை கொள்ளத்தக்கதும் எடுத்துக்கொள்ளப்படுகின்றன, முறையீடு விடப்படுகிறது. கபிலரின் 143ஆம் பாடலில் வேறொன்றும் விடுபட்டுள்ளது. மழை வேண்டிப் பலியிட்டு, மழை மிகுந்தபின் அது நீங்க வேண்டி மீண்டும் தெய்வம் தொழுது, புனத்துத் தினையை உண்ணும் குறவர் அப்பாடலில் உள்ளனர். பேகன் அவர்களுடைய மலைநாட்டின் தலைவன் என்றே விளிக்கப்படுகிறான். அடிவாரத்துத் தலைவனின் பெயர் மலைமேல் வாழ்வோரைக் கொண்டு சொல்லப்படுகிறது என்பது இங்கே கருதத்தக்கது. புறநானூறு 205இல் பெருந்தலைச் சாத்தனார் பாடும் கடிய நெடுவேட்டுவனின் கோடைமலையை இன்றைய கோடைக்கானல் பகுதியாகக் கொள்வோர் உளர். பெயர் ஒற்றுமையை மட்டும் கொண்டு அதனை உறுதிப்படுத்துதல் இயலாது எனினும், வேட்டுவத் தலைவர்களின் மலைநாட்டைச் சங்கப் புலவர் தனித்து அறிந்திருந்தனர் என்பதற்கு அப்பாடல் போதும்.

திருமுருகாற்றுப்படையிலும் இதே உறவு காணப்படுகிறது. திருஆவினன்குடியைக் கூறும் நக்கீரர் குன்றுதோறாடலையும் கூறுகிறார். அப்பகுதியில் மூங்கிற் குழாயில் முதிர்ந்த தேறலை உண்டு குரவையாடும் கானவர் வருகின்றனர். குன்றுதோறாடல் என்பது ஓர் ஊரன்று. குன்றுகள் அனைத்துக்கும் உரியது. பிற்கால மரபு அதனைத் திருத்தணி என்னும் ஒரு தலத்திற் பொருத்தி ஆறு என்னும் எண்ணிக்கையை நிறைவு செய்தது. பக்தி வரலாற்றில் இதற்குரிய காரணங்கள் உண்டு. ஆயினும் கானவரின் ஆட்டுக்களமாக இருந்த மலை, ஆறு முகவரிகளுள் சுருங்கியபோது நேர்ந்த இழப்பு அதிகம் பேசப்படவில்லை. இடும்பன் கதையோ மலையையே வேறிடத்திலிருந்து காவடியாகத் தூக்கிவரச் செய்கிறது. தெற்கே இரண்டாயிரம் மீட்டருக்கு மேல் மலைத்தொடர் எழுந்து நிற்கும் ஊருக்குக் குன்று வெளியிலிருந்து வந்தது என்று கதை சொல்வது வியப்புக்குரியது!

கல்லறைகளும் மணிகளும்

புதுச்சேரிப் பல்கலைக்கழகத்தின் கா. ராஜன் தலைமையிலான குழு 2009, 2010 ஆகிய ஆண்டுகளில் பழனிக்குத் தென்மேற்கே மலையடிவாரத்திலுள்ள பொருந்தலில் அகழாய்வு நடத்தியது. ஈமச்சின்னம் ஒன்றில் நெல் நிறைந்த கலமும், தமிழ்-பிராமியில் 'வய்ர' எனப் பொறிக்கப்பட்ட தாங்கியும் கிடைத்தன. அந்நெல்லின் காலம் கி.மு. 490 எனவும், பின்னர் இரண்டாவது மாதிரியின் காலம் கி.மு. 450 எனவும் கணிக்கப்பட்டன. வாழ்விடப் பகுதியில் கண்ணாடி மணிகள் ஆயிரக்கணக்கில் கிடைத்ததோடு மணி உருவாக்கத்திற்குரிய உலையின் தடயமும் வெளிப்பட்டது. ஆய்வுலகம் எழுத்தின் தொன்மையைப் பற்றியே பெரிதும் விவாதித்தது, அது இயல்பே. ஆனால் மணி செய்தவர்களைப் பற்றிய கேள்வியும் அதற்கு இணையானது. மாமூலனாரின் காரோடனையும் பொருந்தலின் மணிவினைஞரையும் ஒருவரெனக் கூற இயலாது. காலமும் தொழிலும் வேறு. எனினும் மலையடிவாரத்தில் கல்லையும் மணியையும் கையாண்ட கைவினை மரபு ஒன்று இருந்தது என்னும் எண்ணத்திற்கு இலக்கியமும் மண்ணும் இடமளிக்கின்றன.

பொருந்தலிலிருந்து பார்வை மேலே செல்லவேண்டும். கீழ்ப்பழனிமலையில் தாண்டிக்குடியிலும் கா. ராஜன் குழுவினர் பெருங்கற்காலச் சின்னங்களை அகழ்ந்துள்ளனர். அதற்கு நெடுநாள் முன்னரே, செண்பகனூர் இயேசு சபைத் துறவியரான ஆங்லேட், நியூட்டன் ஆகிய இருவரும் மலையெங்கும் நடந்து கல்திட்டைகளைப் பதிவு செய்தனர். அவர்களது நூல் 1928இல் இந்தியத் தொல்லியல் துறையின் ஆய்வேட்டு வரிசையில் 36ஆம் எண்ணாக வெளிவந்தது. பாறைத்தளங்களின்மேல் எழுப்பப்பட்டு, சுற்றிலும் கற்சுவர் கொண்ட திட்டைகள் அதில் விவரிக்கப்படுகின்றன. அந்நூலின் உழைப்பு பெரிது. ஆனால் அதைப் படிப்போர்க்கு ஓர் ஐயம் எழும்: இத்திட்டைகளின் அருகே வாழ்ந்த மக்கள் அவற்றை என்னவென்று அழைத்தனர், அவற்றை ஒட்டி நடந்தனரா, விலகி நடந்தனரா? கல் அளக்கப்பட்ட அளவுக்குக் கல்லைச் சுற்றிய சொல் கேட்கப்படவில்லை. புதையல் தேடுவோராலும் தோட்ட வேலைகளாலும் இன்று பல திட்டைகள் சிதைந்துவிட்ட நிலையில், கேட்கப்படாத அச்சொல்லின் இழப்பு இரட்டிப்பாகிறது. இந்நூலுக்குத் தமிழில் ஒரு முழுமையான மொழிபெயர்ப்பும் மறுகள ஆய்வும் தேவை.

உச்சியின் வரலாறு யாருடைய வரலாறு?

கோடைக்கானலின் வரலாறு வழக்கமாக 1821இல், நில அளவையாளர் லெப்டினன்ட் வார்டு மலையேறியதில் தொடங்கும். 1845இல் அமெரிக்க மதுரை மிஷனின் முதல் வீடுகள், 1863இல் லெவிஞ்ச் அமைத்த ஏரி, 1872இல் கோக்கர் நடைபாதை, 1899இல் தொடங்கிய சூரிய ஆய்வகம், 1901இல் பள்ளி, 1908இல் பிரையண்ட் பூங்கா என அது தொடரும். இவை யாவும் உண்மை. இவற்றைப் புறந்தள்ளுதல் வரலாற்றுக்கு அழகன்று. எவர்ஷெட் 1909இல் சூரியப் புள்ளிகளில் கண்ட விளைவு இம்மலையின் அறிவு மரபைச் சேர்ந்ததே. நோரா மிட்செல் 1972இல் வெளியிட்ட கோடைக்கானல் பற்றிய புவியியல் ஆய்வு, இந்தியக் கோடை வாழிடங்களைப் பற்றிய தொடக்ககால ஆய்வுகளுள் மதிக்கத்தக்கது.

குறை தொடக்கப்புள்ளியில் உள்ளது. வார்டு வழியற்ற காட்டில் ஏறவில்லை. வெள்ளகவி என்னும் ஊர் வழியாக ஏறினார். அவ்வூர் குன்னுவர் வாழ்ந்த பழைய ஊர். பெரியகுளம் பக்கத்திலிருந்து மேலேறும் நடைவழி அதனூடே சென்றது. வழி இருந்தது, ஊர் இருந்தது, அழைத்துச் செல்ல ஆளும் இருந்தனர். இருந்தும் வரலாறு உச்சியை அடைந்தபிறகே தொடங்குகிறது. மரபுச் சின்னங்களின் பட்டியல்களும் இதே விதியைப் பின்பற்றுகின்றன. தேவாலயமும் மாளிகையும் மரபு. பூம்பாறையின் படிக்கட்டு வயல்களும் மன்னவனூர், கூக்கால், பண்ணைக்காடு ஆகியவற்றின் ஊரமைப்பும் 'இயற்கைக் காட்சி'.

குணா குகையின் பெயர் இதற்கு ஒரு பின்குறிப்பு. ஆங்கிலேயர் பேயின் சமையலறை என்றழைத்த இடம், 1991இல் வந்த 'குணா' படத்திற்குப் பின் அப்படத்தின் பெயரைப் பெற்றது. ஆங்கிலப் பெயரைத் தமிழ்த் திரைப்படம் வென்றது என்று மகிழ்வோர் மகிழலாம். அதற்கும் முந்திய பெயரைத் தேட எவரும் முனையவில்லை என்பதே கவனத்திற்குரியது.

இரு பெட்டிகளையும் இணைக்கும் இழைகள் இல்லாமலில்லை. போகர் செய்ததாக மரபு கூறும் திருமேனி பழனியிலும் பூம்பாறைக் குழந்தை வேலப்பர் கோயிலிலும் உள்ளது. அருணகிரிநாதரின் திருப்புகழில் பூம்பறைக்கும் பாடல் உண்டு. இலங்கைத் தலைவர் சர் பொன்னம்பலம் இராமநாதனின் மனைவியும் ஆஸ்திரேலியாவில் பிறந்தவருமான லீலாவதி இராமநாதன் 1936இல் கோடைக்கானலில் குறிஞ்சி ஆண்டவர் கோயிலை எழுப்பினார். வானம் தெளிந்த நாளில் அங்கிருந்து பழனியைக் காணலாம். ஓர் ஆஸ்திரேலியப் பெண், யாழ்ப்பாணத்துச் சைவ மரபின் வழியாக, கோடை வாழிடத்தின் உச்சியில் குறிஞ்சித் திணையின் தெய்வத்தை நிறுவியது இவ்வட்டாரத்தின் பண்பாட்டுச் சிக்கலை ஒரு கட்டடத்திலேயே காட்டுகிறது. பூம்பாறைக் கோயிலும் இக்கோயிலும் இன்று பழனித் திருக்கோயிலின் உபகோயில்களாக உள்ளன. நிர்வாகம் மலையை ஒன்றாகவே காண்கிறது; எழுத்துகளே இன்னும் பிரித்துக் காண்கின்றன.

பளியரும் பட்டியலும்

பொதுநோக்கு பற்றிய பேச்சு உண்மையில் சோதனைக்குள்ளாகும் இடம் இதுவே. பளியரைப் பற்றி 1908இலேயே டாமென் என்னும் இயேசு சபைத் துறவி ஆய்விதழ் ஒன்றில் விரிவாக எழுதினார். 1960களில் அன்றைய மதுரை மாவட்ட மலைகளில் களப்பணி செய்த பீட்டர் கார்ட்னரின் ஆய்வுகள் அவர்களை உலக மானிடவியல் அறிஞரிடையே அறிமுகப்படுத்தின. போட்டியைத் தவிர்த்தல், ஒருவரையொருவர் சமமாக மதித்தல், பூசல் எழுந்தால் விலகிச் செல்லுதல் ஆகியவற்றை அவர் பளியர் வாழ்வின் அடிப்படைகளாகக் கண்டார். அவர்தம் அறிவு அனைவரும் ஒப்புக்கொண்ட ஒரே பாடமாக இல்லாமல், அவரவர் பட்டறிந்து நினைவிற் கொண்டதாக இருக்கிறது என்பது அவரது புகழ்பெற்ற முடிவு. ஒரு செடியின் பெயரைக்கூட அனைவரும் ஒரேபோல் சொல்லவேண்டும் என்னும் கட்டாயம் அங்கில்லை.

இம்முடிவைப் பளியரிடம் பண்பாடு மெலிந்துள்ளது என்று வாசித்தவர்கள் உண்டு. அது தவறான வாசிப்பு என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. கார்ட்னரே 2000இல் வெளியிட்ட நூலில், காட்டு வாழ்வு ஒன்றும் ஊரையொட்டிய வாழ்வு ஒன்றுமாக இரு பண்பாட்டு நடைகளை அவர்கள் மாறி மாறிக் கையாளும் திறனைப் பேசுகிறார். பழனிமலைப் பளியரையே மையமாகக் கொண்டு கிறிஸ்டர் நோர்ஸ்ட்ரோம் 2003இல் வெளியிட்ட ஆய்வு, வனத்துறை, தோட்ட முதலாளிகள், வணிகர் ஆகியோரோடு உறவாடிக்கொண்டே தம் தன்னுரிமையைக் காத்துக்கொள்ளும் வழிகளை ஆராய்கிறது. இந்நூல்கள் எவையும் தமிழாய்வுக் கட்டுரைகளில் போதிய அளவு எடுத்தாளப்படவில்லை. நம் கட்டுரைகளில் பளியர் பெரும்பாலும் 'பழக்கவழக்கங்கள்' என்னும் தலைப்பின்கீழ் வருகின்றனர்; பிறப்பு, பூப்பு, மணம், இறப்பு என்னும் நான்கு உட்தலைப்புகளுடன் முடிந்துவிடுகின்றனர்.

யுனெஸ்கோவின் 2003ஆம் ஆண்டு உடன்படிக்கை, தொட்டுணர இயலாப் பண்பாட்டு மரபுகளுக்குப் பட்டியல் தயாரிக்குமாறு உறுப்பு நாடுகளைக் கோருகிறது. அதே உடன்படிக்கை அம்மரபுக்குரிய மக்களின் பங்கேற்பையும் வலியுறுத்துகிறது. இந்தியா 2005இல் அதனை ஏற்றது. பட்டியல் என்பது பெயரும் நாளும் வடிவமும் உறுதிப்பட்ட ஒன்றையே ஏற்கும். விழா என்றால் நாள் வேண்டும். கலை என்றால் பெயர் வேண்டும். குழு என்றால் தலைவர் வேண்டும். அவரவர் நினைவில் அவரவர்க்குரியதாய் இருக்கும் அறிவை இப்படிவத்தில் நிரப்ப முயன்றால் இரண்டில் ஒன்று நேரும். படிவம் வெறுமையாய் இருக்கும். அல்லது ஒருவர் சொன்னது அனைவருக்குமான 'பளியர் மரபு' என்று உறைந்துவிடும். பின்னது முன்னதைவிடத் தீங்கானது. பொதுநோக்கு என்பதில் உள்ள 'பொது' என்னும் சொல்லையே ஏற்காத ஓர் அறிவு முறையை அந்நோக்கு எவ்வாறு உள்ளடக்கும்? இவ்வினாவுக்கு எளிய விடை இல்லை. ஆனால் இதனை எழுப்பாத திட்டவரைவு மீண்டும் போர்வையைத்தான் காக்கும்.

சட்டத்தில் ஓர் இடைவெளி உண்டு. நல்ல பொருளிலான இடைவெளி. 2006ஆம் ஆண்டு வனவுரிமைச் சட்டம், 3(1) பிரிவில், பல்லுயிர் வளத்தோடும் பண்பாட்டுப் பன்மையோடும் இணைந்த மரபறிவின்மீது சமூக உரிமையை ஏற்கிறது. கோடைக்கானல் வனவுயிர் சரணாலயம் 2013இல் அறிவிக்கப்பட்டது. ஆகவே தேனெடுக்கும் பாறைக்குச் செல்லும் வழி, கிழங்கு அகழும் இடம், தெய்வம் உறையும் மரம் ஆகியவை இம்மலையில் பண்பாட்டுக் கேள்விகள் மட்டுமல்ல, உரிமைக் கேள்விகளும் ஆகும். பளியரின் மரபைக் காப்பது என்பது முதலில் அவர்கள் அவ்விடங்களுக்குச் செல்ல இயல்வது. விழா மேடையில் ஆடவைப்பது அதற்கு ஈடாகாது. மலைப்புலையர் பற்றியும் இவ்வாறே தனித்துப் பேசவேண்டும்; அதற்கு வேறொரு கட்டுரை தேவைப்படும்.

வாழையும் பஞ்சாமிர்தமும்

2019இல் பழனிப் பஞ்சாமிர்தமும் கொடைக்கானல் மலைப்பூண்டும் புவிசார் குறியீடு பெற்றன. விருப்பாட்சி மலைவாழை அதற்கு முன்னரே பெற்றிருந்தது. மூன்றும் மூன்று கோப்புகள். ஆனால் பஞ்சாமிர்தத்தின் சுவைக்கு அடிப்படை விருப்பாட்சி வாழை; அது விளைவது கீழ்ப்பழனிமலைச் சரிவுகளில். முடிக்கொத்து நோயால் அவ்வாழையின் பரப்பு பெரிதும் சுருங்கியது. அடிவாரக் கோயிலின் பிரசாதம் மலைச்சரிவுத் தோட்டக்காரரின் நலத்தைச் சார்ந்தது என்பதைப் புராணம் சொல்லாவிட்டாலும் பழம் சொல்கிறது. 1801இல் ஆங்கிலேயரால் தூக்கிலிடப்பட்ட விருப்பாட்சி கோபால் நாயக்கரின் ஊர்ப்பெயர் ஒரு வாழையின் பெயரில் அன்றாடம் ஒலிக்கிறது என்பதும் நினைக்கத்தக்கது.

உணவுப்பொருளைத் தனியே காத்து, விளைவிப்போரைக் காவாது விடுவதன் விளைவைப் பிலிப்பைன்ஸின் இபுகாவோ மலைநெல் வயல்கள் காட்டியுள்ளன. 1995இல் உலக மரபுப் பட்டியலில் சேர்ந்த அவ்வயல்கள், பராமரிப்பார் குறைந்து 2001இல் இடர்ப்பட்டியலுக்குச் சென்று 2012இல்தான் மீண்டன. அறுவடைக் காலத்திலும் பிற வேளைகளிலும் பாடப்படும் அவர்களது ஹுட்ஹுட் பாடல் மரபு தனியே 2001இல் சிறப்பிக்கப்பட்டது. வயலும் பாட்டும் ஒன்றின்றி ஒன்று நில்லா என்பது பட்டியலிட்ட பின்னரே உணரப்பட்டது. பூம்பாறையின் பூண்டு வயல்களுக்கும் இது பொருந்தும்.

நம் மரபில் இவற்றை ஒருங்கே காணும் சட்டகம் ஒன்று உண்டு. நிலம், தெய்வம், உணவு, தொழில், பறை, யாழ், மக்கள் ஆகியவற்றை ஒரே தொகுதியாகக் காணும் திணைக் கோட்பாடு அது. அதனை இன்றைய திட்டங்களின் முகப்பு வாசகமாக்கிவிடுவது எளிது. திணை இலக்கிய மரபேயன்றி இனவரைவியல் அன்று என்பதை மறந்துவிடுவதும் எளிது. ஆயினும் கருப்பொருள் எனும் கருத்தில் தெய்வத்தையும் உணவையும் தனித்தனிக் கோப்புகளாக்காத ஒரு பார்வை இருக்கிறது. பஞ்சாமிர்தத்தை அப்பார்வையில் எழுதிய ஆய்வு ஒன்று வந்தால், அது மலைவாழைத் தோட்டத்தில் தொடங்கும்.

பழனிமலையின் நீலக்குறிஞ்சி 2006இலும் 2018இலும் பூத்தது. அடுத்த பூப்பு 2030இல். அதற்கு முன் செய்யத்தக்க பணிகள் சிலவற்றைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைகளே தொடங்கலாம். வெள்ளகவி வழியையும் தாண்டிக்குடியிலிருந்து சமவெளிக்கு இறங்கும் வழிகளையும் ஊரார் துணையுடன் நடந்து, ஒவ்வொரு பாறைக்கும் ஓடைக்கும் அவர்கள் வழங்கும் பெயர்களைப் பதிவு செய்யலாம். ஒரே இடத்துக்கு மூவர் மூன்று பெயர் சொன்னால் மூன்றையும் எழுதவேண்டும். சொல்ல விரும்பாத பெயரை எழுதாது விடவேண்டும். பளியரிடம் பெறுவன அவர்கள் சொல்லும் நிபந்தனையோடே பதிவேறவேண்டும். பதிவின் முதற்படி அவர்களிடமே இருக்கவேண்டும்.